ஆம்ஸ்டர்டாமை விடுங்கள், லெய்டனில் இறங்குங்கள்

கேள்வி: நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மனைவி தாவரவியல் ஆசிரியையாக இருந்தவர். சொந்த ஊர் நாகப்பட்டினம். ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்கு இப்போது வந்திருக்கிறோம். அக்டோபர் இரண்டாம் வாரம் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்புகிறோம். முதல் நாள் இரவு விமான நிலையம் பக்கத்தில் ஒரு ஓட்டலில் தங்கல். மறுநாள் புதன்கிழமை முழுப் பகலும் கையில் இருக்கிறது. விமானம் இரவு 9:30க்கு. கால்வாய்கள் உள்ள ஒரு பழைய ஊரை நிதானமாகப் பார்க்க ஆசை. மகன் கொடுத்த பட்டியலில் ஆம்ஸ்டர்டாம், ஆன் ஃபிராங்க் வீடு, சான்ஸ் ஸ்கான்ஸ் காற்றாலைகள், குகென்ஹோஃப் துலிப் தோட்டம் எல்லாம் இருக்கின்றன. ஒரே நாளில் முடியுமா? எங்கள் ஊர் ஆனைமங்கலம் செப்பேடுகள் லெய்டன் என்ற ஊரில் இருப்பதாகப் படித்திருக்கிறேன். அதையும் பார்க்க வழி உண்டா? மனைவிக்கு மூட்டு வலி. நாங்கள் சைவம்.

பதில்: ஐயா, உங்கள் மகன் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிடுங்கள். குகென்ஹோஃப் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும். அக்டோபரில் அங்கே பூவும் கிடையாது, உள்ளே விடவும் மாட்டார்கள். ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு இணையத்தில் மட்டுமே நுழைவுச்சீட்டு. ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரத்துக்கு அப்புறம் வரும் நாட்களுக்கு விடுவார்கள், சீக்கிரமே தீர்ந்துவிடும். மிஞ்சுவது ஆம்ஸ்டர்டாமும் காற்றாலைகளும். இரண்டையும் ஒரே பகலில் அடுக்கலாம், அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பயண ஏற்பாட்டுத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு குழுவை அப்படிக் கூட்டிப்போனேன். ஒரே நாளில் நான்கு இடம். மாலையில் ஒரு பாட்டி, "தம்பி, பஸ் நல்லா இருந்துச்சு" என்றார். அன்றிலிருந்து ஒரு நாள் என்றால் ஒரே ஊர் என்பதில் நான் பிடிவாதம்.

அந்த ஒரே ஊர் உங்களுக்கு லெய்டன். நீங்களே கேள்வியில் அதன் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் விமானம் ஏறும் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். அங்கிருந்து லெய்டனுக்குக் கால் மணியிலிருந்து இருபது நிமிடம்தான். ரயில் அறிவிப்பில் "லைடன்" என்று கேட்கும், குழம்ப வேண்டாம், அதே ஊர்தான். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் அதே மாதிரிக் கால்வாய்களும், பழைய செங்கல் வீடுகளும் இங்கே உண்டு. கூட்டம் குறைவு. முக்கியமான எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

முதலில் செப்பேட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏமாற்றத்தோடு ஊருக்குள் நுழைய வேண்டாம் பாருங்கள். பெரிய லெய்டன் செப்பேடு என்பது 21 ஏடுகள், எடை ஏறக்குறைய 30 கிலோ. ஐந்து ஏடுகள் சமஸ்கிருதம், பதினாறு தமிழ். கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்த விவரம் அதில் இருக்கிறது. ஏட்டில் பொறிக்கச் செய்தது ராஜேந்திரன். சிறிய செப்பேடு மூன்று ஏடுகள், குலோத்துங்கன் காலம், முழுக்கத் தமிழ். டச்சுக்காரர்கள் உங்கள் ஊரை 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்து 1781இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் கைமாறிக் கடல் கடந்த ஏடுகள் 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. அதன்பிறகு அவை இருந்தது நூலகத்தின் பாதுகாப்பறையில். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லோரும் பார்க்க வைத்த பொருள் அல்ல. இந்தியாவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கையும் நெடுநாளாக இருந்துவந்தது, அதனால் ஏடுகள் இப்போதும் லெய்டனில்தான் இருக்கின்றனவா என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஆகவே புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புகள் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நாகப்பட்டினத்துக்காரன் என்பதையும் தயங்காமல் எழுதுங்கள். பதில் என்னவோ அதன்படி நாளை வைத்துக்கொள்ளலாம். எழுதாமல் நேரே போய் வாசலில் நின்றால் ஒன்றும் நடக்காது. ஏடு கண்ணில் படாவிட்டாலும் லெய்டன் உங்களுக்கு வீண் போகாது. ஏன் என்று கீழே படித்தால் தெரியும்.

சரி, நாளுக்கு வருவோம். பெட்டிகளை ஓட்டல் வரவேற்பறையிலேயே விட்டுவிடுங்கள். கருங்கல் பாவிய தெருக்களில் சக்கரப் பெட்டியை இழுப்பதைவிடத் தண்டனை வேறில்லை. ரயிலுக்குச் சீட்டு வரிசையில் நிற்க வேண்டாம்; தொட்டுக் காட்டும் வசதி உள்ள வங்கி அட்டையை நுழையும்போது ஒருமுறை, வெளியேறும்போது ஒருமுறை வாசல் கருவியில் வைத்தால் போதும். ஒருவருக்கு ஓர் அட்டை, இருவருக்கும் ஒரே அட்டை செல்லாது. உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வங்கியில் இருந்தவருக்கு நான் சொல்வதா என்று நினைக்காதீர்கள், இதை மறந்து தவித்தவர்களில் வங்கிக்காரர்களும் உண்டு. கடைகள் பலவற்றில் ரொக்கமே வாங்குவதில்லை.

அக்டோபரில் அங்கே காலை எட்டு மணிக்குத்தான் விடியும். ஒன்பதரைக்கு லெய்டனில் இறங்கினால் போதும். நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தால் சற்று நேரத்தில் இடப்பக்கம் டி ஃபால்க் காற்றாலை தெரியும். 1743இல் கட்டியது, ஏழு தளம், உள்ளே அருங்காட்சியகம். மேலே ஏறும் படிகள் ஏணி மாதிரி செங்குத்து. அம்மாவின் மூட்டுக்கு ஆகாது. கீழே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். காற்றாலை பார்த்தாயிற்று என்று மகனிடம் சொல்ல அது போதும்.

அடுத்து பேஸ்டன்மார்க்ட் என்ற சதுக்கம், அந்தக் காலத்து மாட்டுச் சந்தை. படகுச் சவாரி இங்கிருந்துதான் கிளம்பும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய ஆகும். நீங்கள் காலையிலேயே படகில் ஏறிவிட வேண்டும் என்பது என் யோசனை. பலரும் களைத்துப்போய் மாலையில் ஏறுகிறார்கள். முதலிலேயே ஏறினால் ஊரின் வரைபடம் தண்ணீர் வழியாகவே மனதில் பதிந்துவிடும், அப்புறம் நடக்கும்போது எந்தப் பாலம் எங்கே என்று தெரியும், முட்டியும் பிழைக்கும். சில பாலங்களுக்கு அடியில் போகும்போது படகோட்டி சொன்னால் உடனே குனியுங்கள், அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

படகில் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கால்வாய்களில் இரண்டின் பெயர் பழைய ரைன், புதிய ரைன். மகன் ஊரில் கப்பல் கப்பலாகப் போகப் பார்த்தீர்களே, அந்த ரைன் நதியேதான். ஒரு காலத்தில் இதுதான் அதன் முக்கியமான கிளை. கடல்முகம் மணல் தூர்ந்து, தண்ணீர் வேறு கிளைகளுக்குப் போய், இங்கே வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கரை புரண்ட ஆறு கடைமடைக்கு வரும்போது வாய்க்காலாகிப் போவது நாகப்பட்டினத்துக்காரருக்குப் புதிதா என்ன? இரண்டு ரைனும் ஊரின் நடுவில் சேரும் இடத்தில்தான் பழைய எடைமேடைக் கட்டடம் இருக்கிறது. வியாபாரம் எங்கே கூடியது என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும்.

நீங்கள் போவது புதன்கிழமை என்பது பெரிய அதிர்ஷ்டம். புதனும் சனியும்தான் அங்கே சந்தை, அதுவும் புதிய ரைன் கரை ஓரமாகவே நீளமாகப் போட்டிருப்பார்கள். திங்கட்கிழமையாக இருந்திருந்தால் வேறு நாளுக்கு மாற்றச் சொல்லியிருப்பேன். அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவை அன்று மூடல். சந்தையில் சுடச்சுட வார்த்து நடுவில் பாகு தடவித் தரும் ஸ்ட்ரூப்வாஃபல் வாங்கி இருவரும் பாதிப் பாதி சாப்பிடுங்கள். டப்பாவில் அடைத்து விமான நிலையத்தில் விற்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிறகு பாலாடைக்கட்டிக் கடையில் லெய்டன் கட்டி என்று கேளுங்கள். சீரகம் போட்டது! நம் வாய்க்கு அந்த நாட்டுப் பாலாடைக்கட்டிகளில் இதுதான் முதல் கடியிலேயே ஒத்துவரும். பண்ணையில் செய்ததாக இருந்தால் மேல்தோலில் இரண்டு சாவிகள் குறுக்காகப் பதித்திருக்கும். அது ஊரின் சின்னம். கண்டிப்பான சைவம் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். பாலைத் திரிக்க வழக்கமாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைத்தான் சேர்ப்பார்கள். சைவ முறையில் திரித்ததும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

சந்தைக்கு நடுவில் கூரை போட்ட ஒரு பாலம் இருக்கும், கோர்ன்புருக். தானிய வியாபாரம் அதன் மேலேயே நடந்ததால், மழையில் நனையாமல் இருக்க 19ஆம் நூற்றாண்டில் கூரை வைத்தார்கள். அங்கே சற்று உட்கார்ந்துவிட்டு, பக்கத்திலேயே மரங்களுக்கு நடுவே இருக்கும் பூர்க்ட் மேட்டுக்குப் போங்கள். மனிதர்கள் மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடு, மேலே வட்டமான ஒரு கோட்டைச் சுவர். அதற்குள் அறையும் இல்லை, அரண்மனையும் இல்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. அம்மாவுக்குப் படி சிரமமாக இருந்தால் அவர் கீழே இருக்கட்டும், நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள். தட்டையான நாடு என்பதால் இந்தச் சின்ன மேடே போதும், ஊர் முழுக்கத் தெரியும்.

அந்தச் சுவர்மேல் நிற்கும்போது 1574ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியப் படை ஊரைச் சுற்றி வளைத்து மாதக்கணக்கில் கிடந்தது. பட்டினியும் கொள்ளைநோயுமாக ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கடைசியில், ஸ்பெயினை எதிர்த்த கிளர்ச்சிக்குத் தலைவரான ஆரஞ்சு வில்லியம் தரப்பினர் தங்கள் வெள்ளத் தடுப்புக் கரைகளைத் தாங்களே வெட்டினார்கள். விளைநிலம் போனால் போகட்டும் என்று தண்ணீரை உள்ளே விட்டார்கள். முதலில் தண்ணீர் போதவில்லை. பிறகு காற்றுத் திசை மாறிக் கடல் நீரை உள்ளே தள்ள, தட்டை அடிப் படகுகளில் உதவி வந்து சேர்ந்தது. அக்டோபர் 3 அன்று ஊர் விடுபட்டது. பசித்தவர்களுக்குக் கொடுத்தது ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அதைத்தான் பங்கிடுகிறார்கள். நீங்கள் போவது அதற்கு ஒரு வாரம் கழித்து, நல்லதுதான். அன்று போயிருந்தால் ஊர் முழுக்கத் திருவிழா, கூட்டத்தில் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. தாக்குப்பிடித்ததற்குப் பரிசாக 1575இல் வில்லியம் இந்த ஊருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தார். வரிவிலக்கு வேண்டுமா பல்கலைக்கழகம் வேண்டுமா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் ஊர்க்காரர்கள் ரசித்துச் சொல்வார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஹுட்ஸ்பாட் என்று உருளையும் காரட்டும் வெங்காயமும் மசித்த பண்டம் அந்த முற்றுகைக் கதையோடு சேர்ந்தது, பெரும்பாலும் மாட்டிறைச்சியோடுதான் தட்டில் வரும். வறுவல் கடையில் எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கலாம். இந்தோனேசியக் கடையில் காடோ காடோ என்ற காய்கறிக் கலவை சைவம் மாதிரித் தெரியும், கடலைச் சாந்தில் இறால் விழுது கலந்திருக்கக்கூடும். என்னைக் கேட்டால் சூரினாம் உணவகம் ஒன்றில் காய்கறி ரொட்டி சாப்பிடுங்கள். சூரினாம் தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு. 1873 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கல்கத்தாவிலிருந்து அங்கே கப்பலேறியவர்களின் சந்ததி இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த சமையல் அது. மெல்லிய ரொட்டி, உருளைக்கிழங்கு, கூடவே நீளப் பயத்தங்காய்க் கறி. முட்டை வைப்பது வழக்கம், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மிளகாய் விழுதை மட்டும் நுனிநாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டபின் பீட்டர்ஸ்கெர்க் பக்கம் மெதுவாக நடக்கலாம். உங்கள் ஊரில் டச்சுக்காரர்கள் கட்டிய புனித பேதுரு ஆலயம் இருக்கிறதல்லவா, இதுவும் பேதுருவின் பெயரில்தான். நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுவதால் சில நாட்களில் உள்ளே போக முடியாது. அதற்காக வருந்த வேண்டாம், சுற்றியுள்ள சந்துகள்தான் அழகு. ரெம்பிராண்ட் 1606இல் பிறந்தது இந்த ஊரில். சிறுவனாகப் படித்த லத்தீன் பள்ளிக் கட்டடம் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. பிறந்த வீடு இப்போது இல்லை, பெயர்ப்பலகையைத் தேடி அலைய வேண்டாம். அப்புறம், சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடங்கள். 1992இல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகளை அந்தந்த மொழியிலேயே, அந்தந்த எழுத்திலேயே வீட்டுச் சுவர்களில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். பூர்ஹாவ அறிவியல் அருங்காட்சியகத்தின் சுவரில் ஐன்ஸ்டைனின் சமன்பாடு.

பிறகு ராபன்பர்க். ஊரிலேயே அழகான கால்வாய் இது என்பார்கள், நானும் அதற்கு ஓட்டுப் போடுவேன். கரைகளில் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது, படம் எடுக்கப் பின்னால் பின்னால் நகராதீர்கள். சிவப்பாகப் போட்டிருக்கும் பாதை சைக்கிளுக்கு. அதில் கால் வைத்தால் மணியடிப்பார்கள், நின்று வழி விட மாட்டார்கள்.

இதே கால்வாயின் தொடர்ச்சியில், வீடுகள் நெருக்கியடித்து வரும் வரிசை திடீரென்று அறுந்து ஒரு பூங்கா வரும். 1807 ஜனவரி 12 அன்று வெடிமருந்து ஏற்றிய படகு ஒன்று அங்கே கட்டியிருந்தபோது வெடித்தது. ஏறக்குறைய 150 பேர் இறந்தார்கள். தெருக்களே போயின. ஒரு கரையில் அந்த வெற்றிடம் பூங்காவாகவே நின்றுவிட்டது. எதிர்க்கரையில் பிற்பாடு ஆய்வுக்கூடம் எழுந்தது. 1908இல் காமர்லிங் ஓனஸ் என்ற இயற்பியல் அறிஞர் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கியதும், 1911இல் மின்மீக்கடத்தலை, அதாவது கடுங்குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் பாய்வதைக் கண்டதும் அங்கேதான். வெடித்துப் பொசுங்கிய இடத்தில் அன்றைக்கு உலகத்திலேயே கடுமையான குளிரை உண்டாக்கியிருக்கிறார்கள்! இப்போது சட்டம் படிக்கும் பிள்ளைகள் அந்தக் கட்டடத்துக்குள் போய்வருகிறார்கள்.

இனி மீதி நேரம் அம்மாவுக்கு. ராபன்பர்க் கரையிலேயே பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டம், ஹோர்ட்டஸ் இருக்கிறது. 1590இல் தொடங்கியது. 1593இல் வந்த குளூசியஸ் என்ற தாவரவியல் அறிஞர் இங்கே நட்ட துலிப் மறு ஆண்டு பூத்தது. இந்த நாட்டின் துலிப் பைத்தியம் கிளைவிட்ட இடங்களில் ஒன்று இந்தத் தோட்டம். குகென்ஹோஃப் போக முடியாத குறை இதில் பாதி தீர்ந்துவிடும். இன்னொரு செய்தி அவருக்கு இன்னும் பிடிக்கும். பால் ஹெர்மன் என்ற மருத்துவர் 1670களில் டச்சுக் கம்பெனி வேலையில் இலங்கையில் இருந்து, அங்கே செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தி வைத்தார். திரும்பி வந்து லெய்டனில் தாவரவியல் பேராசிரியராகி இந்தத் தோட்டத்தையும் கவனித்தார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தன் நூலை எழுதினார். வகுப்பில் லின்னேயஸ் பெயரைப் பல வருடம் சொல்லிக்கொடுத்தவருக்கு, அவருடைய வகைப்பாட்டு நூலின் முதல் பதிப்பு 1735இல் அச்சானதும் இதே ஊரில்தான் என்று சொல்லுங்கள். வெப்பமண்டலக் கண்ணாடிக் கூடத்தில் இதமான சூடு இருக்கும், அக்டோபர் குளிருக்கு முழங்காலுக்கும் நல்லது. இங்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

அதற்கும் மேல் நேரம் இருந்தால் மட்டும் அதே கால்வாய் ஓரம் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகம். நுழைந்ததும் கூடத்துக்குள்ளேயே தாஃபே என்ற முழு எகிப்தியக் கோயில் நிற்கும். அஸ்வான் அணைத் தண்ணீரில் நூபியாவின் சின்னங்கள் மூழ்காமல் காக்க உதவியதற்காக எகிப்து அரசு 1969இல் பரிசாகக் கொடுத்தது. கல் கல்லாகக் கொண்டுவந்து அடுக்கினார்கள். கொடுத்ததால் வந்த கோயிலையும், வேறு விதமாக வந்த நம் செப்பேட்டையும் ஒரே ஊரில் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சூடாமணி விகாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867இல் உங்கள் ஊரில் இடித்துவிட்டார்கள் என்பதும் அப்போது நினைவுக்கு வரும். லாக்கன்ஹால் அருங்காட்சியகத்தை இதோடு சேர்க்க வேண்டாம். நல்ல இடம்தான், ஆனால் உங்களுக்கு அன்று கால் இருக்காது.

குடை எடுத்துப் போனால் காற்று பிடுங்கிவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு இருவருக்கும் போதும். கழிப்பறைக்கு நிலையத்திலேயே காசு கேட்பார்கள், அதற்கும் அட்டைதான். உணவகத்திலோ அருங்காட்சியகத்திலோ இருக்கும்போதே அந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

மாலை ஐந்து மணிக்கு நிலையத்தைப் பார்த்து நடக்கத் தொடங்குங்கள். ஐந்தேமுக்கால் ரயிலுக்கு மேல் தாமதிக்க வேண்டாம். ஓட்டலில் பெட்டி எடுக்க வேண்டும், ஏழு மணிக்குள் விமான நிலைய வரிசையில் நிற்க வேண்டும். சீரகக் கட்டி வாங்கியிருந்தால் காகிதத்தில் நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் சென்னை வரை பக்கத்து இருக்கைக்காரர் உங்களையே பார்த்துக்கொண்டு வருவார்.